பத்துக்குப் பத்து

எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
ஐந்து நாளுக்கொருமுறை எடுக்கும் படத்தில்
எங்கள் கண்டல் காடு சிவப்பு.
'எங்கள்' என்று எழுதிவிட்டேன்.
நான் வந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

"காடு தீப்பிடிச்சாப்புல இருக்கே" என்றாள் நம்புகனி.
கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை
இலைகள் திருப்பி அனுப்புகின்றன,
அதற்குத்தான் சிவப்புச் சாயம் என்றேன்.
"தெரியாததுக்கா சாயம்?"
வலைக்கூடத்துச் சிமெண்ட் தரையில்
படத்தின் மூலைக்கொரு சங்கு வைத்தாள்.
அப்படியும் கச்சான் தூக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
அதற்குள் நண்டு வளை, மூச்சுவேர்,
கொக்கின் எச்சம், அறுந்த தங்கூசி
எது கிடந்தாலும்
மொத்தமாய் ஒரே ஒரு நிறம்.

சவாரிப் படகு எங்கே நிற்கும், கோபுரம் எங்கே எழும்,
வரும் காசு யாருக்கு எவ்வளவு
எல்லாம் எடை போட்டுத்தான் முடிவாகும்.
இரண்டிரண்டாய்க் கேட்டேன்.
எது பெரிசு? எத்தனை மடங்கு?

சிந்தாத்திரை சொன்னாள்:
படகுக் காசைவிட நண்டு மூணு மடங்கு.
உப்பாத்துப் பாலத்தைவிடப் படகு ரெண்டு.
நண்டைவிடப் பாலம் அஞ்சு.

மடிக்கணினி ஏற்கவில்லை.
முரண் விகிதம் பத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும்.
இவளுடையது ஒன்றையே தாண்டிவிட்டது.
"அக்கா, மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க."
"யோசிச்சுத்தாம்மா சொன்னேன்.
தையில நண்டு.
பள்ளிக்கூடம் திறக்கையில படகுக் காசு.
ஐப்பசி மழையில என் மகளுக்குப் பனிக்குடம் உடைஞ்சுச்சு பாரு,
அன்னைக்குப் பாலம்.
நீ எந்த மாசத்தைக் கேக்குற?"

படிவத்தில் மாதத்துக்குக் கட்டம் இல்லை.

மதியம் விடை வந்தது.
முகத்துவாரத்துக்குத் தெற்கே, கண்டலுக்குப் பின்னால் ஒரு கட்டம்.
வகை: வெற்று மணல்.
நீராழம், சாலைத் தூரம், பறவை வரத்து எல்லாம் முழு மதிப்பெண்.
பத்துக்குப் பத்து.
"கோபுரம் இங்கேதான்" என்று விரல் வைத்தேன்.

யாரும் பேசவில்லை.
ஒருத்தி சிரிக்கப் பார்த்து
முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

வத்தத்துக்குக் காத்திருந்து கூட்டிப்போனார்கள்.
முழங்கால்வரை சேறு,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
வெற்று மணலில்
கிளைக்குக் கிளை காய்ந்த நைட்டிகள்,
வேரிடுக்கில் செருகிய சோப்புத் துண்டு,
மூடி போட்ட ஒரு குடம் நல்ல தண்ணீர்.
கழுத்தளவு நீரில் நாலு மணி நேரம் நண்டு தடவிவிட்டு
இங்கேதான் ஈரம் மாற்றுகிறார்கள்.
ஊரில் ஆண் கண்ணுக்குத் தப்பிய ஒரே இடம்.

நம்புகனி அண்ணாந்தாள்.
"மேல போறது எங்களை எடுக்குமா?"
"எடுக்காதுக்கா. ஒரு கட்டத்தில் ஓர் ஆள்
நூறில் ஒரு பங்குகூட இல்லை."
"அப்ப அது போகட்டும், பாவம்.
கோபுரத்துல ஏறுறவனுக்குல்ல கண்ணு இருக்கு."

இரவு விடுதியில் அட்டவணையை மறுபடி திறந்து
புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன்.
'சமூகப் பண்பாட்டுக் காரணி' என்று தலைப்பிட்டு
அழித்துவிட்டு
'மறைவு' என்று அடித்தேன்.
கோபுரம் வடகரைக்கு நகர்ந்தது.
அங்கே கொக்கு கொஞ்சம் குறைவு, சாலை கொஞ்சம் தூரம்.
பத்துக்கு ஆறு.

தரவின் மூலம் எது என்று அலுவலகம் கேட்கும்.
செயற்கைக்கோளின் பெயரை எழுத முடியாது.
அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

சிந்தாத்திரையின் படிவத்தையும்
தள்ளிவிடவில்லை.
ஓரத்தில் பென்சிலால்
தை, ஆனி, ஐப்பசி என்று குறித்து
மற்றவற்றோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.
விரலிடுக்கில் இன்னும் சேறு.
காகிதத்திலும் கொஞ்சம்.